இரண்டு துவக்குகள்

கிறிஸ்துநாயகத்துக்கு குரொய்டன் பக்கம் ஒரு துவக்குப் பட்டறையில் புது வேலை. பழைய இராணுவத் துவக்குகளை, குறிசுடும் கிளப்காரருக்கு விற்குமுன், சுடுகிறவனுக்கு அதனால் ஆபத்து வருமா என்று பார்க்க வேண்டும். தோட்டா மாதிரி, ஆனால் அதைவிட மயிரிழை நீளமான ஓர் அளவுக்கட்டை உண்டு. அதை உள்ளே வைத்தால் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட் பூட்டக்கூடாது. பூட்டினால் துவக்கு கழிவு.

அன்று ஒரு துவக்கில் போல்ட் சுகமாகப் பூட்டிக்கொண்டது. பார்த்தால், போல்டில் ஓர் இலக்கம், துவக்கில் வேறோர் இலக்கம். அப்படி மாறின போல்டோடு சுட்ட ஒருவனின் படத்தை முதலாளி காட்டினார். வெடி பின்னால் அடித்து வலக்கண்ணும் கன்னமும் போயிருந்தன. கிறிஸ்துநாயகம் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அண்ணையின் முகமும் அப்படித்தான் கிடந்தது.

அண்ணை யேசுரட்ணம் எண்பத்துநாலில் இயக்கத்துக்குப் போனவர். ஒருநாள் பனங்காணிக்குள் துவக்கோடு செத்துக் கிடந்தார். தன்னைத்தானே சுட்டுக்கொண்டான் என்றது ஊர். ஊர் வாயை யார் மூடுவது? அம்மாவும் அதை நம்பினாள், பாவி மனுசி. தற்கொலை பெரும்பாவமென்று, சாகும்வரை அவருக்கென்று ஒரு பூசை ஒப்புக்கொடுக்கவில்லை.

வேலை முடிந்ததும் நேரே தோர்ண்டன் ஹீத்துக்கு, அக்கா இம்மாகுலேற் வீட்டுக்கு ஓடினார். சப்பாத்தைக் கழற்றமுன்னமே சொல்லிவிட்டார்.

"அக்கா, அண்ணை தற்கொலை செய்யேல்லை. துவக்குத்தான் பிழை. போல்ட் மாறியிருக்கு. குறி பாத்துச் சுட்டுப் பழகியிருக்கிறார், அது பின்னால வெடிச்சிட்டுது. ஞாயிறு பூசைக்கு அவற்ற பேரைக் குடுப்பம்."

"என்ர மாதாவே!" அக்கா அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகைக்குள்ளே சிரிப்பும் வந்தது. "எனக்குத் தெரியுமடா, அவர் அப்பிடிச் செய்யிற ஆளில்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அதெப்பிடி போல்ட் மாறும்?"

"ரெண்டு துவக்கை ஒண்டாய்க் கழட்டித் துடைச்சிட்டு மாறிப் போட்டால் சரி. பாத்தால் ரெண்டும் ஒரே மாதிரித்தான். எந்த விசரன் செய்தானோ!"

கிறிஸ்துநாயகம் தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னக்கா?"

"அண்ணை ஒளிச்சு வைச்ச ரெண்டு துவக்கு எங்கட வீட்டு விறகுக்குள்ளதானே கிடந்தது. நீ சின்னப்பிள்ளை, உனக்குத் தெரியாது. மழையில நனைஞ்சு போச்சு. கறள் பிடிக்கப்போகுது, துடைச்சு வை தங்கச்சி எண்டவர். கழட்டவும் அவர்தான் காட்டித் தந்தவர். ரெண்டையும் பாயில பரப்பி வைச்சு, நான்தானடா துடைச்சுத் திரும்பப் போட்டனான்."

ஐயோ, இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா! "எல்லாம் வெடிக்கிறேல்லை அக்கா," என்றார் அவசரமாக. "மாறினாலும் சிலது ஒண்டும் செய்யாது. வேற என்னவாவது பிழையாய் இருந்திருக்கும்."

"இப்பத்தானே மாறினதுதான் எண்டு சொன்னனி."

கிறிஸ்துநாயகம் அவளின் கையைப் பிடிக்கப் போனார். அவள் அதை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"பூசைக்கு அண்ணையின்ர பேரைக் குடு தம்பி," என்றாள். "என்னை மட்டும் வரச்சொல்லாத."