தலைவரின் வீடியோ

ஒரு படகு திரும்பாவிட்டால் எல்லாப் படகுகளும் தேடப் போவது எங்கள் கரையின் வழக்கம். என் தம்பி ஜெரிசன் திரும்பாத அன்று மீனவர் சங்கத் தலைவர் எமில்ராஜ் ஒரு படகையும் விடவில்லை. அமைச்சரை வரவேற்கப் படகுகளைச் சோடித்து நிறுத்தியிருந்தார். அவர் மறித்ததை ஒருவர் கைபேசியில் எடுத்து எனக்கு அனுப்பினார். தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஆண்டுக் கூட்டத்துக்கு முன், நெல்லியடியில் உள்ள என் ஸ்டூடியோவுக்கு எமில்ராஜ் வந்தார். நான் அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

"தங்கச்சி, மந்திரி வந்த வீடியோ மண்டபத்துக் கொம்பியூட்டரிலை கறுப்பாய்த்தான் தெரியுது. ஸ்லைடுக்குள்ளை ஓடப் பண்ணித் தா."

"ஓம் அண்ணை."

புதுக் கைபேசி வீடியோவை அந்தப் பழைய கணினி வாசிக்காது. அதை எந்தக் கணினியும் வாசிக்கும் எச்.264 எம்பி4 வடிவத்துக்கு மாற்றினேன். எனக்கு வந்திருந்த கைபேசி வீடியோவையும் அப்படியே மாற்றி, அதற்கு முன்னால் ஒட்டினேன். ஸ்லைட் வந்ததும் தானாக ஓடும்படி உள்ளேயே பதித்துக் கொடுத்தேன்.

கூட்டத்தில் அவரே பொத்தானை அழுத்தினார். திரையில் அவர் கத்தினார்: "ஒரு படகும் அசையக்கூடாது! உவன் ஜெரிசன் குடிச்சுப்போட்டு எங்கையாவது கிடப்பான்!"

எமில்ராஜ் என்னிடம் திரும்பி, "நிப்பாட்டடி!" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் அம்மா எழுந்து நின்றா.

"விடு பிள்ளை, முழுக்க ஓடட்டும்."