லிஃப்ட் கணக்கில் எடுக்காத ஒன்பது பேர்

பிஷ்கெக்கின் தெற்கு ஓரத்தில் உள்ள ஒன்பது மாடிக் குடியிருப்பின் லிஃப்டில், அந்த மார்ச் மாதம் முதல் ஜிபாராவுக்கு எடை இல்லாமல் போயிற்று. வீட்டுத் தராசு அறுபத்தெட்டு கிலோ காட்டியது. லிஃப்டுக்கு மட்டும் அவள் ஆளே இல்லை. சோவியத் காலத்து லிஃப்ட் அது. தரைப் பலகை ஒரு விரல் அமுங்கினால்தான் உள்ளே ஆள் இருப்பதை ஒப்புக்கொள்ளும். அவள் நின்றால் அமுங்காது. தன் வீடு இருக்கும் எட்டாம் மாடிப் பொத்தானை அழுத்தினால் அசையாது. வேறு மாடியில் யாராவது அழைத்தால், விளக்கை அணைத்துக்கொண்டு அவளோடு அங்கே ஓடும்.

காரணம் அவளுக்குத் தெரியும். கணவன் மாஸ்கோவில் வேறு குடும்பம் வைத்து இரண்டு வருடமாகிறது. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு பல் துலக்கும்போதுகூட வர ஆரம்பித்திருந்தது. பாலிகிளினிக்கில் நர்ஸ் வேலை. அங்கே வாயைத் திறந்தால் மதியத்துக்குள் ஊரே பேசும். ஆகவே இருபது கிலோ மாவு மூட்டை ஒன்றைச் சுமந்தே ஏறி இறங்கினாள். ஏப்ரலில் பார்த்தால், அறுபத்தோரு பெரியவர்கள் வாழும் அந்தக் கட்டடத்தில் இன்னும் எட்டுப் பேர் சுமையும் கையுமாகத் திரிந்தார்கள். நான்காம் மாடிப் பல் மருத்துவர் இரண்டு பூசணிக்காய்களோடு வேலைக்குப் போய் வந்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மானம் பெரிது.

மே மாதத்தில் ஒரு காலை, மூட்டை கிழிந்துவிட்டதால் ஜிபாரா கீழ்த்தளத்தில் வெறுங்கையோடு லிஃப்டில் ஏறினாள். ஆறாம் மாடி தொக்தோசுன், ஓய்வுபெற்ற டிராலிபஸ் ஓட்டுநர், கூடவே ஏறினார். கதவு மூடியது, விளக்கு அணைந்தது, லிஃப்ட் நின்ற இடத்திலேயே நின்றது.

"தங்கச்சி, மூட்டை எங்க?"

"கிழிஞ்சிருச்சுண்ணே. உங்கள நம்பித்தான் ஏறினேன்."

"சரியாப் போச்சு. நான் உன்ன நம்பி ஏறினேன்."

சிரித்துவிட்டார்கள். கதவைத் தள்ளித் திறந்து, படியேறி அவர் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவள் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றினார். எங்கள் வீடுகளில் விருந்தாளிக்குப் பாதிதான் ஊற்றுவோம், மறுபடி மறுபடி ஊற்றலாம் என்பதற்காக. விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். ஜிபாராவின் முகம் செத்துவிட்டது. எழுந்து போய் பூட்ஸை மாட்டினாள். அப்போதுதான் கிண்ணத்தைப் பார்த்த தொக்தோசுன் காலுறையோடு ஓடிவந்தார்.

"போகாத, ஜிபாரா. என் வீட்டுக்காரி போனதுல இருந்து எனக்கு மட்டுமே ஊத்திக் குடிச்சு, கை மறந்துருச்சு. எனக்கும் அதே நினைப்புதான். இன்னிக்குக் காலையிலயும் வந்துச்சு. நீயும் போயிட்டா நான் யார்கிட்ட சொல்லுவேன்?"

அவள் பூட்ஸைக் கழற்றினாள். தேநீரைக் கெட்டிலில் திருப்பிக் கொட்டி, இருவருக்கும் பாதிப் பாதி ஊற்றினாள். அன்று பதினோரு கிண்ணம் குடித்தார்கள்.

மறுவாரம் அவரை இழுத்துக்கொண்டு தன் பாலிகிளினிக்கின் மனநல மருத்துவரிடம் போனாள். தனக்கும் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தாள். பயந்தபடியே மதியத்துக்குள் ஊர் பேசியது. சாயங்காலம் பல் மருத்துவர், பூசணிக்காய் இல்லாமல், அவள் கதவைத் தட்டினார்.

சிலருக்கு எடை திரும்பியது, சிலருக்கு வந்து வந்து போகிறது. லிஃப்டில் பழுது எதுவும் இல்லை என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அங்கே பொத்தானை அழுத்துமுன் கதவிடுக்கில் வாய் வைத்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பது வழக்கம். சில நாள் இருட்டிலிருந்து ஜிபாராவின் குரல் வரும்: "இருக்கேன்." கேட்டவர் லிஃப்டை வரவழைத்து, தானும் ஏறி, அவளை எட்டாம் மாடியில் இறக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குச் சாவி கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள்.