சுற்றிக்காட்டப் போனவன்

கல்லூரிக் கூடைப்பந்தில் ஏப்ரலைப் போல ஒரு கேடுகெட்ட மாதம் கிடையாது. ஆட்டமெல்லாம் முடிந்து, பந்துகளை மூட்டை கட்டி வைத்த பிறகுதான் நிஜமான வெட்டுக்குத்து ஆரம்பிக்கும். எவன் இருப்பது, எவன் போவது, எவனை எங்கிருந்து இழுப்பது என்று இண்டியானா முழுக்கக் கோச்சுகள் போனும் கையுமாக அலைவார்கள். மார்லோ கல்லூரியின் துணைக் கோச் ரோலண்ட் ஸ்பைவிக்கு அந்த மாதம் முழுக்கச் சாப்பாடே இறங்காது. காப்பியும் வயிற்றெரிச்சல் மாத்திரையுமாகவே பொழுது போகும்.

அன்று தலைமைக் கோச் ஹாலிங்கர் மட்டும் உற்சாகமாக இருந்தார்.

"ஏழடி, ரோ! ஏழடி! அந்த கோல்பி ரிங்குக்குக் கீழ சும்மா நின்னாலே போதும், எதிராளி ஊருக்குப் பஸ் ஏறிடுவான். இப்ப இருக்கற காலேஜ விட்டுக் கிளம்பறான். சனிக்கிழமை அம்மாவோட நம்மளப் பாக்க வர்றான்."

"நம்ம டீம்ல பதினஞ்சு இடமும் நிரம்பிக் கிடக்கே கோச்?"

ஹாலிங்கர் எழுந்து சுவரில் இருந்த போர்டுக்குப் போனார். ஆட்டக்காரர்களின் பெயர் எழுதிய காந்த வில்லைகள் அதில் வரிசையாக ஒட்டியிருந்தன. கடைசி வரிசையில் இருந்த ஒன்றைப் பிய்த்து மேசை டிராயருக்குள் போட்டார். ஜமாரி டாட்சன்.

 ஜமாரி ரோலண்ட் கொண்டுவந்த பையன். ஆர்கன்சாவில், கோழி வெட்டும் ஆலையில் வேலை செய்யும் அவன் அம்மா லொரெட்டாவின் சமையலறையில் உட்கார்ந்து, வறுத்த கெளுத்தி மீனை விரல் சூப்பிச் சாப்பிட்டுவிட்டு, "உங்க பையன் டிகிரி வாங்காம என் கைய விட்டுப் போகமாட்டான்மா" என்று வாக்குக் கொடுத்தவன் ரோலண்ட். அந்த டிகிரிக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி. ஆனால் முந்தின வருடக் குளிர்காலத்தில் ஜமாரியின் முழங்கால் பிய்ந்துபோனது. திரும்பி வந்தான், பந்து போடுவதும் பழையபடி வந்தது, ஓட்டம் மட்டும் வரவில்லை. உதவித்தொகையை வருடா வருடம் கல்லூரி புதுப்பித்தால்தான் உண்டு. புதுப்பிக்காவிட்டால் ஜமாரி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"நீதானே கூட்டிட்டு வந்த, நீயே சொல்லிடு" என்றார் ஹாலிங்கர். "ஆனா திங்கக்கிழமைதான் வாயத் திறக்கணும். சனிக்கிழமை கோல்பியச் சுத்திக்காட்ட ஜமாரிதான் போகணும்."

ரோலண்ட் தன் காதையே நம்பவில்லை. பார்க்க வரும் பையனோடு அணியில் ஒருவன் கூடவே இருப்பான். விடுதி, சாப்பாட்டுக் கூடம், மைதானம் என்று எல்லா இடத்துக்கும் அவன்தான் கூட்டிப்போவான். அந்த வேலைக்கு, அணியை விட்டுப் போகப் போகிறவனை எந்தக் கல்லூரியிலும் அனுப்ப மாட்டார்கள். எங்கும் எழுதி வைக்காத, எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. போகிறவன் வயிற்றெரிச்சலை எல்லாம் வந்தவனிடம் கொட்டிவிடுவான் என்ற பயம். அதனாலேயே, ஏப்ரலில் ஒருவனைக் கூப்பிட்டு 'நீ கூடப் போ' என்று சொன்னால், உன் இடம் பத்திரம் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான்.

"போறவனப் போய் எவனாவது அனுப்புவானா கோச்? அநியாயமா இருக்கே."

"போறோம்னு அவனுக்குத் தெரிஞ்சாத்தானே? மத்த பசங்கள்ல ஒருத்தனுக்காவது நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேச வருமா? ஜமாரி பேசினா பொணம்கூட எந்திரிச்சுக் கையெழுத்துப் போடும்." ஹாலிங்கர் டிராயரை மூடினார். "உன் காண்ட்ராக்ட்டும் ஜூன்ல முடியுது, ரோ. ஞாபகம் இருக்கட்டும்."

ரோலண்ட் மென்று முழுங்கிக்கொண்டு வெளியே வந்தான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் இதில் எரிச்சலே. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

வியாழக்கிழமை மதியம் ரெனோ கூப்பிட்டான். ரோலண்டோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன், இப்போது டென்னஸியில் ஒரு சின்னக் கல்லூரியில் துணைக் கோச்.

"டேய் ரோ, உங்க ஜமாரி கிளம்பறானா?"

"எவன் சொன்னான்?"

"ஏழடிக்காரன் உங்க ஊருக்கு வர்றான்னா எவனாவது கிளம்பித்தானே ஆகணும்? எனக்கு அதுகூடவா தெரியாது? இங்க பாரு, தூரத்துல இருந்து போடறவன் ஒருத்தன் எங்களுக்கு வேணும். முழு உதவித்தொகை. அவன் படிச்ச பாடத்தையெல்லாம் அப்படியே ஏத்துப்பாங்க, விசாரிச்சுட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போர்ட்டல்ல பேரப் போடச் சொல்லு, நான் தூக்கிடறேன்."

போர்ட்டல் என்பது கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயர் பதியும் இடம். பெயர் அதில் ஏறினால்தான் மற்ற கோச்சுகள் பையனிடம் நேராகப் பேசலாம். ஏறாதவரை இப்படி அவனைச் சுற்றி இருக்கிறவர்களைப் பிடித்துத்தான் காரியம் நடக்கும். எல்லாரும் செய்வதுதான்.

கேட்டதும் ரோலண்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமி கும்பிட்டுக் கேட்டிருந்தாலும் இப்படி ஒரு இடம் கிடைத்திருக்காது. அப்போதே ஓடிப்போய் ஜமாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னானா? இல்லை. சனிக்கிழமையை நினைத்தான், ஜூன் மாதத்தை நினைத்தான்.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுடா."

"எங்க பெரிய கோச் பொறுக்க மாட்டார்டா. ஓஹையோப் பையன் ஒருத்தன் வாசல்லயே நிக்கறான்."

"ரெண்டு மூணு நாள்தானே. எனக்காக."

"பாக்கறேன். ஆனா சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

ரெனோ பழைய சிநேகிதன், எப்படியும் பிடித்து வைப்பான் என்று ரோலண்ட் தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போனபோது ஜமாரி முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். வழக்கமாகத் தூரத்திலிருந்தே கிண்டலை ஆரம்பிப்பவன், அன்று வாயைத் திறக்கவில்லை.

"கோச், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

ரோலண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் கேட்பதற்குள் முந்திக்கொண்டான். "மொதல்ல நான் சொல்றதக் கேளு. சனிக்கிழமை கோல்பின்னு ஒரு பையன் வர்றான். நீதான் கூட இருந்து சுத்திக்காட்டணும்."

"நானா?"

"பின்ன? உன்ன விட்டா இங்க வாய் எவனுக்கு இருக்கு?"

ஜமாரியின் முகம் அப்படியே தெளிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். "அசத்திடலாம் கோச். இங்க வர்றேன்னு சொல்லாம அவன் ஊருக்குப் போகமாட்டான்."

"என்னமோ கேக்கணும்னியே?"

"ஒண்ணுமில்ல, விடுங்க. இனிமே கேக்க வேண்டியதில்ல."

ரோலண்ட் அதற்கு மேல் துருவவில்லை. தப்பித்தோம் என்றிருந்தது அவனுக்கு.

சனிக்கிழமை ஜமாரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். கோல்பி வாயைத் திறக்காத கூச்சக்காரன். எந்த வாசலிலும் குனிந்து குனிந்து நுழைந்தான். மதியத்துக்குள் ஜமாரி அவனைச் சிரிக்க வைத்துவிட்டான். "நீ மேல போய்ப் பல்ப மட்டும் மாத்திக் குடுடா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான் மைதானத்து விளக்கைக் காட்டி. எந்தப் பேராசிரியர் தூங்கவிடுவார், எந்த விடுதியில் குளிக்கத் தண்ணீர் சூடாக வரும், எல்லாம் சொன்னான். ஹாலிங்கர் பின்னால் நடந்துகொண்டே வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

பன்றிக்கறியைத் தட்டையாக அடித்துப் பொரித்து, ரொட்டியைவிட இரண்டு மடங்கு பெரிதாக வைத்துத் தரும் கடையில்தான் மதியச் சாப்பாடு. கோல்பியின் அம்மா அயோவாவில் நர்ஸ். எத்தனையோ கோச்சுகளின் தேன் தடவிய பேச்சைக் கேட்டு அலுத்தவள். அவள் ஹாலிங்கரைப் பார்க்கவே இல்லை, நேராக ஜமாரியைக் கேட்டாள்.

"இவங்க பேசறது இருக்கட்டும் தம்பி. நீ சொல்லு. என் பையனுக்கு அடிகிடி பட்டா என்ன செய்வாங்க?"

ஜமாரி நாற்காலியைப் பின்னால் தள்ளி, பேண்டைத் தூக்கி முழங்கால் தழும்பைக் காட்டினான்.

"எனக்கே பட்டுச்சும்மா. எங்கம்மா ஆர்கன்சால இருந்து வந்து சேர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கெடந்தார் இவர்." ரோலண்டைக் கை காட்டினான். "குறட்டை வேற! நர்ஸு பயந்துபோய் இவருக்கும் பிரஷர் பாத்துட்டுப் போனாங்க."

மேசையே சிரித்தது. அந்த அம்மாள்கூடச் சிரித்துவிட்டாள்.

"இங்க யாரையும் தூக்கி எறிய மாட்டாங்கம்மா" என்றான் ஜமாரி. "கோச் ரோ வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

நாற்காலியில் தூங்கியது உண்மை. அந்த உண்மையைத்தான் ரோலண்டால் தாங்க முடியவில்லை. கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். இப்போதே எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் போல இருந்தது. ஹாலிங்கரின் ஷூ மேசைக்கடியில் அவன் காலை அழுத்தியது. ரோலண்ட் தண்ணீர் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோல்பி வருவதாகச் சொல்லிவிட்டான். ஹாலிங்கர் ரோலண்டைக் கட்டிப்பிடித்து முதுகில் அறைந்தார்.

திங்கட்கிழமை காலை ரோலண்ட் செய்த முதல் காரியம் ரெனோவைக் கூப்பிட்டது.

"முடிஞ்சிருச்சுடா" என்றான் ரெனோ. "ஓஹையோப் பையன் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டான்."

"எனக்காகக் கொஞ்சம் பொறுன்னு சொன்னேனேடா!"

"உனக்காக எங்க பெரியவர் ஏன்டா பொறுக்கணும்? நீ ஏன்டா பொறுத்த?"

ரோலண்ட் போனை வைத்தான். தெரிந்த கோச்சுகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். பாதிப்பேருக்கு இடம் நிரம்பிவிட்டது. மீதிப்பேர் "முழங்கால் எப்படி?" என்றுதான் ஆரம்பித்தார்கள். கேட்டுவிட்டு, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டார்கள். மதியம்வரை மன்றாடியும் ஒருவனும் பிடி கொடுக்கவில்லை.

அதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லாமல், ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்க்கும் அறைக்கு ஜமாரியை வரச் சொன்னான். ஜமாரி சிரித்துக்கொண்டே வந்து முன் வரிசையில் உட்கார்ந்தான்.

"எப்படி கோச்? ஏழடிய வளைச்சுப் போட்டோம்ல?"

ரோலண்ட் சொன்னான். சுற்றி வளைத்துச் சொன்னான். இடம், கோல்பி, முழங்கால், உதவித்தொகை என்று ஏதேதோ சொல்லிவிட்டுக் கடைசியில், "எனக்கே இன்னிக்குக் காலையிலதான்டா தெரியும்" என்றான்.

ஜமாரி அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் ரோலண்டுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வியாழக்கிழமை எங்க ஸ்கூல் கோச் போன் பண்ணார்" என்றான். "'உன்னக் கழட்டிவிடப் போறாங்கன்னு காதுல விழுது, டென்னஸியில ஒரு இடம் இருக்கு, ஒடனே போர்ட்டல்ல பேரப் போடு'ன்னார். அதத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

 ரெனோ ரோலண்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஜமாரியின் ஸ்கூல் கோச்சைப் பிடித்து அந்த வழியாகவும் முட்டிப்பார்த்திருக்கிறான். இந்தத் தொழிலில் எவனும் அதைத்தான் செய்வான்.

"நான் கேக்கறதுக்குள்ள கோல்பிகூடப் போன்னு சொன்னீங்க. போறவன அனுப்ப மாட்டாங்களே, அப்ப நமக்கு இடம் இருக்குன்னு நெனச்சேன். அவருக்குப் போன் போட்டுத் திட்டினேன் கோச். 'எங்க கோச் ரோவப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், எனக்கு ஒரு எடமும் வேணாம்'னு சொல்லிட்டேன்."

"ஜமாரி..."

"இன்னிக்குக் காலையிலதான் தெரியுமா கோச்?"

ரோலண்ட் தலையைக் குனிந்துகொண்டான். பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டான். ஆர்கன்சாச் சமையலறையும் லொரெட்டா தட்டில் இரண்டாம் முறை வைத்த மீனும் கண்முன் வந்தன. இனி அந்தப் பையனும் ஊருக்குப் போய் அதே ஆலையில் கோழி வெட்டத்தான் நிற்க வேண்டும். டிகிரி அந்தரத்தில் தொங்கும்.

ஜமாரி எழுந்தான். முழங்கால் உடனே நிமிரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தான். ரோலண்ட் கை கொடுக்கப் போக, வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"அம்மாகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டா தம்பி" என்றான் ரோலண்ட். "நானே போன் பண்ணிப் பக்குவமாச் சொல்றேன்."

"நீங்க பேசாதீங்க கோச்" என்றான் ஜமாரி. "நீங்க என்ன சொன்னாலும் அம்மா நம்பிருவாங்க."