நடு ஓடு

சோணை ஏணியைச் சுவரில் சாய்த்ததுதான் தாமதம், புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முத்துச்செல்வி விறுவிறுவென்று வெளியே வந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“மாமா, ஓட்டுல கை வைக்காதீக.”

சோணை செத்துப்போன கண்ணுச்சாமிக்கு அண்ணன். “ஏத்தா, சதயத்துல உசுரு போயிருக்கு. அடைப்பு நட்சத்திரம். தலைக்கு மேல ஒரு ஓட்டைப் பிரிச்சு வழி விட்டாத்தான் அவன் போவான். இல்லாட்டி வீட்டையே சுத்திக்கிட்டுக் கிடப்பான்.”

கிடக்கட்டுமே என்றிருந்தது முத்துச்செல்விக்கு. வெளியே சொல்லக்கூடிய வார்த்தையா அது? “அது சோலார் ஓடு மாமா. வீணாப் போயிரும்” என்றாள்.

செல்லூரில் சந்துக்குச் சந்து மொட்டைமாடி எழும்பிய பிறகும் அவர்களுடையது ஓட்டு வீடாகவே நின்றது. போன வருஷம் கண்ணுச்சாமிக்கு சோலார் ஆசை வந்தது. பேனல் மாட்ட வந்தவன் இரும்புச் சட்டமடித்து மேலே தூக்கி நிறுத்துவோம் என்றான். “வீட்டுத் தலையில கட்டிலைக் கவுத்துன மாதிரி இருக்கும். எனக்கு வேணாம்” என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு மனுஷனாக இருந்தால் உனக்கென்ன தெரியும் என்று மாட்டியிருப்பான். கண்ணுச்சாமியோ மாட்டுத்தாவணிப் பூக்கடையில் வேலை முடிந்து வந்ததும் செல்போனும் கையுமாகத் தேடி, ஓடே சோலாராக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தார். விலை கூடுதல், கரண்ட் கொஞ்சம் குறைச்சல். “பொண்டாட்டிக்கு மல்லியப்பூ வாங்கிக் குடுத்தவனைப் பாத்திருக்கேன், ஓடு வாங்கிக் குடுத்தவன் இவன் ஒருத்தன்தான்” என்று சோணை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வேலை முடிந்த அன்று கண்ணுச்சாமி இவளைத் தெருவில் நிறுத்தி, எப்படி இருக்கு என்று கேட்டார். “ம்” என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

முத்துச்செல்வியின் அக்காள் மகன் சித்தார்த்தான் அன்றைக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவன். அவன் நடுவில் வந்தான். “பெரியப்பா, அடுப்படிப் பக்கம் ஓரத்துல இருக்கதெல்லாம் சும்மா ஓடு. ஒரே நிறமா இருக்கட்டும்னு போட்டது, கரண்ட் கிடையாது. அதுல ஒண்ணை எடுத்தா ஒரு சேதாரமும் இல்ல.”

சோணை யோசித்தார். “சரிடா. வழின்னு ஒண்ணு இருந்தாச் சரி.”

எல்லோருக்கும் நிம்மதி. சித்தார்த் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நகர்ந்தான்.

முத்துச்செல்வி உள்ளே வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணுச்சாமி நேற்றுச் சவரம் செய்த முகத்தோடு படுத்திருந்தார். ஓரமாகப் போ என்றால் ஓரமாகவே போகிற மனுஷன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் யாராவது வருவார்கள் என்று நின்றுகொண்டே வருவார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திதான். அந்தச் சும்மா ஓட்டின் வழியாகவும் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அவள் வாசலை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“சித்தார்த்து, ஏணியை இங்கிட்டுக் கொண்டாப்பா.”

“என்ன சித்தி?”

“தலைக்கு நேர் மேல இருக்கதையே எடு. அவரு அடுப்படி வழியாப் போகவேணாம். அம்புட்டு ஆசையாப் போட்டாரு, அது வழியாவே போகட்டும்.”

“அந்த வரிசை பூராம் கரண்ட் நின்னுரும் சித்தி.”

“நிக்கட்டும்.”

சோணை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

சித்தார்த் சோலார் சுவிட்சை அணைத்துவிட்டு மேலே ஏறினான். கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது. ஒரு துண்டு வெயில் கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தது. முத்துச்செல்வி அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் விட மனசு வராது.

கழற்றிய ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். எங்கே வைப்பது என்று கேட்டதற்கு அவள் மடியைக் காட்டினாள். மத்தியான வெயிலில் கிடந்த ஓடு, சுட்டது. இறக்கி வைக்காமல், முந்தானையால் அதன் மேல் இருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.