சிரித்த முகத்தோடு பதினான்கு மாதம்

அடைக்கலம் கேட்டு வந்த நாட்டில் ஓவர்சியருக்குக் கூலிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா வேலை செய்யத் தடையில்லை. அதற்கு ‘சமூகப் பங்களிப்பு வாய்ப்பு’ என்று பெயர் வைத்திருந்தது அங்கிருந்த ஒரு தொண்டு நிறுவனம். நாலு பக்க விண்ணப்பம், இரண்டு நேர்காணல், ஏழு வாரக் காத்திருப்பு. இத்தனையும் தாண்டித்தான் அவர் இலவசமாக உழைக்கத் தகுதி பெற்றார்.

கொடுத்த வேலை, படம் சேர்ப்பது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விளையாடி அலுத்த அட்டைத் துண்டுப் படங்கள் டப்பா டப்பாவாக நன்கொடை வரும். நிறுவனத்தின் கடையில் விற்குமுன் துண்டெல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்க ஒரே வழி, ஆயிரம் துண்டையும் அடுக்குவதுதான். மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கோட்டையைக் கட்டி, ‘முழுமை’ என்று சீட்டு ஒட்டி, உடனே கலைத்துப் போடுவார். ஊரில் பதினெட்டு வருஷம் பாலம் கட்டிய மனிதர்.

அங்கே ஒரு பாலம் விழுந்தது. எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமெண்ட் போட்டது என்று குறித்திருந்த அளவுப் புத்தகத்தை மாற்றி எழுதச் சொன்னார்கள் மேலே இருந்தவர்கள். மாட்டேன் என்றவரை நாலு நாள் ஓர் அறையில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியதில்லை. அடைக்கலம் கேட்டு வந்தது அந்த நாலு நாளைச் சொல்லித்தான்.

தொண்டு நிறுவனத்தில் மட்டும் சொல்லவில்லை. சுவரிலேயே பலகை மாட்டியிருந்தது: ‘இங்கு எவருடைய கடந்த காலமும் கேட்கப்படாது.’ ஒருங்கிணைப்பாளர் மேடம் அந்த வாசகத்தைத் தானே யோசித்ததாகச் சொல்லிக்கொள்வார். அடுத்தவர் துயரத்தில் மூக்கை நுழைக்காத பண்பு என்று அதற்குப் பரிசுகூட வாங்கியிருந்தார். சம்சாரமும் முதல் நாளே எச்சரித்து அனுப்பியிருந்தாள்: “அங்க போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. நாலு பேர் நல்லவர்னு சொன்னாத்தான் கேஸு நிக்கும்.”

அவரும் சிரித்தார். பதினான்கு மாதம் சிரித்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்ததும், யாரும் கேட்காமலேயே மேடம் நற்சான்று எழுதித் தந்தார். ‘எப்போதும் சிரித்த முகம். எதற்கும் அஞ்சாதவர். பழைய துன்பம் எதையும் ஒரு நாளும் சொன்னதில்லை, நிம்மதியானவர்.’ சம்சாரம் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வக்கீல், இலவச வக்கீல் என்பதால், ஒரு முறைகூட வாசிக்காமல் கோப்பில் செருகினார்.

ஊன்றி வாசித்தவர், வழக்கை விசாரித்த அதிகாரி ஒருவர்தான்.

தீர்ப்பு வந்தது. விண்ணப்பதாரர் அச்சத்தில் வாழ்வதாகக் கூறுவது, அவரே தாக்கல் செய்த சான்றுடன் பொருந்தவில்லை. நாலு நாள் சித்திரவதை நடந்திருந்தால் பதினான்கு மாதத்தில் ஒருவரிடமாவது சொல்லியிருப்பார். மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் அவகாசம்.

“யாரு சார் இந்த லெட்டரை வெச்சது?” என்றார் வக்கீல்.

“நீங்கதான்.”

“அது சரி.” வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அங்க பழசைக் கேக்கவே கூடாதுன்னு விதி இருக்குன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. அது ஒண்ணுதான் வழி.”

ஓவர்சியர் மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் தீர்ப்பைப் படித்துக் கண் கலங்கினார். கலங்குவதில் குறை வைக்கிறவர் இல்லை.

“என்ன அநியாயம் சார் இது! நான் அவ்வளவு நல்லா எழுதியிருந்தேனே!”

“அதுதான் மேடம்... எனக்கு நடந்ததை உங்ககிட்ட சொல்லிடறேன். அந்த அறையில மொத நாள்...”

“வேண்டாம் சார், வேண்டாம்!” மேடம் இரண்டு கையையும் உயர்த்தினார். “அதைக் கேக்கறதுக்கு எனக்குப் பயிற்சி கிடையாது. விதி இருக்கு.”

“சரிங்க. அந்த விதி இருக்குன்னு மட்டும் எழுதிக் குடுங்க. ஒரே வரி.”

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். “அப்படி எழுதினா எங்களாலதான் உங்க கேஸு தோத்துதுன்னு ஆயிடாதா? நிர்வாகக் குழுவைக் கேக்கணும்.”

“எப்ப கூடுவாங்க?”

“மூணு மாசம் கழிச்சு.”

“எனக்குப் பதினோரு நாள்தான் இருக்கு மேடம்.”

“தெரியும் சார். மனசு கேக்கலை.” மேடம் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்த நிலைமையிலயும் எவ்வளவு பொறுமையா நிக்கறீங்க! உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை.”

கத்தலாமா என்று ஓவர்சியருக்குத் தோன்றியது. மேசையில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால்கூட, மேடம் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டிருப்பாரோ என்னவோ. ஆனால் வாய் பழக்கத்தில் இரண்டு பக்கமும் விரிந்து, “ரொம்ப நன்றிங்க” என்றது.

அறைக்குத் திரும்பியபோது சம்சாரம் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கட்டிய கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“எழுதிக் குடுத்தாங்களா?”

“பாராட்டினாங்க.”

அவள், உலர்த்திய துணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து மடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் வைக்கத் தொடங்கினாள்.

“ஈரமா இருக்கு பாரு,” என்றார் அவர்.

“இருக்கட்டும்,” என்றாள்.