கை கழுவும் சத்தம்

கேரவன் செய்கிறவர்களுக்கு மரவேலை தெரியாது என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. அதன்மேல் தேக்கு மாதிரி அச்சடித்த காகிதம். அதைக் கொண்டுபோய்க் குளியலறையில், வாஷ்பேசினுக்கு அடியிலேயே வைக்கிறவனை என்ன செய்தால் தகும்? என் தங்கையின் கேரவனில் அந்த அலமாரியைத் திறந்தேன், கீலோடு கதவு கையில் வந்துவிட்டது. அடிப்பலகை டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பலகையைத் தாண்டி வண்டியின் தரைக்குள்ளேயும் போகிறது.

"இங்க கால வச்சா நேரா ரோட்டுல இறங்கிடலாம். கதவே வேண்டாம்," என்றேன்.

படியில் உட்கார்ந்திருந்த தங்கை சிரிக்கவில்லை. இருமினாள்.

அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, இறந்ததிலிருந்து அந்த வண்டி என் பட்டறைக்குப் பின்னால்தான் நிற்கிறது. குளிக்கவும் மற்றதற்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். தூங்க மட்டும் வண்டிக்குப் போய்விடுவாள். என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, பூஞ்சை பிடித்த இடத்தில் தூங்கக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "அப்ப பூஞ்சைய எடுத்துடு. நான் எங்கயும் வரல," என்று வேலையை என் தலையில் கட்டினாள்.

சாயங்காலம் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு, "சரி, வரேன்," என்றேன்.

"அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாத. போறேன்னு சொல்லு."

"என்ன பேச்சு பேசுற? நல்லாவா இருக்கு?"

"வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கறது மட்டும் நல்லா இருக்கா?"

கருவி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். போறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

மாப்பிள்ளை தையல் மெஷின் மெக்கானிக். ஊர் ஊராகப் போய்த் தையல் ஆலைகளில் மெஷின்களைச் சரிசெய்வார். வண்டிதான் வீடு, தங்கைதான் துணை. கையில் எப்போதும் கறுப்பு எண்ணெய். தண்ணீர்த் தொட்டி சின்னது என்பதால் அவர் கை கழுவுவதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். குழாயைத் திறந்து நனைப்பார், மூடுவார். சோப்புப் போடுவார், திறப்பார், மூடுவார். குழாயைத் திறக்கும்போதெல்லாம் சீட்டுக்கு அடியில் இருக்கும் பம்பு 'டர்ர்' என்று ஓடி நிற்கும். "கை கழுவறதுக்குன்னே வண்டி வாங்கின ஆளு ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான் மாப்பிள்ளை," என்று கிண்டல் பண்ணுவேன். "உங்களுக்கென்ன, மரத்தூளைத் தட்டிவிட்டாப் போயிடும்," என்பார்.

மறுநாள் அழுகிய பலகையை எல்லாம் பெயர்த்தேன். அலமாரிக் கதவில் மட்டும், கைப்பிடிக்குப் பக்கத்தில், அவர் விரல் பட்டுப்பட்டு ஒரு கறுப்புத் தேய்மானம் இருந்தது. அந்தக் கதவை என்னால் குப்பையில் போட முடியவில்லை. ஓரமாகச் சாய்த்து வைத்தேன். அந்த நேரத்தில்தான் சீட்டுக்கு அடியில் 'டர்ர்' என்றது. உடனே நின்றது.

குழாயை யாரும் திறக்கவில்லை. நான் பேசினுக்கு எதிரில்தான் மண்டி போட்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால், தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உதடு ஏதோ சொல்கிறது.

பேய் பிசாசெல்லாம் வேலையில்லாதவர்கள் விவகாரம் என்று சொல்லித் திரிகிறவன் நான். ஆனாலும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டேன். பிறகுதான் புத்தி வேலை செய்தது. குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் பம்பு தானாக ஓடும். எங்கேயோ கசிகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பேசினுக்குப் போகும் பைப்பின் பித்தளை நட்டில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அலமாரியைத் தின்ற எமன் அதுதான்.

நட்டை இறுக்கினேன். அடியில் ஒரு டிஷ்யூ தாளை விரித்து வைத்தேன். சொட்டு விழுந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பம்பு மூச்சு விடவில்லை. அன்று தங்கை என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

காலையில் தாள் நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. வாஷரை மாற்றினேன். அடுத்த காலையும் நனைந்திருந்தது. வாஷர் விற்றவனைத் திட்டினேன், பைப் போட்டவனைத் திட்டினேன், கடைசியில் என் கையையே திட்டினேன். இத்தனை வருஷம் மரத்தில் உழைத்த கை ஒரு நட்டுக்குத் தோற்பதா?

தரையை வெட்டியெடுத்துப் புதுசு போட்டேன். நீர் புகாத பிளைவுட்டில் அலமாரி செய்து, ஒவ்வொரு ஓரத்துக்கும், ஆணித் துளைக்குள்ளும்கூட வார்னிஷ் கொடுத்து நிறுத்தினேன். பிளைவுட் வெள்ளைவெளேரென்று இருந்தது. கடைசியாக ஒரு காரியம் செய்தேன். நட்டின் மேலிருந்து பைப் வரை பென்சிலால் ஒரே கோடாக இழுத்துவிட்டேன். நட்டு இம்மி அசைந்தாலும் கோடு உடைந்துவிடும்.

மறுநாள் அலமாரிக்குள் குனிந்து பார்த்தேன். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. தாள் ஈரம். உள்பக்கத்து வெள்ளைப் பலகையில், நட்டுக்கு நேர் கீழே, கறுப்பாக ஒரு விரல்.

மெஷின் எண்ணெய். மோந்து பார்த்தேன். மாப்பிள்ளை வாசனை. சின்னப்பிள்ளை மாதிரி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "மாப்பிள்ளை," என்று கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டேனா, மனதுக்குள்ளா என்று இப்போதும் தெரியாது. பம்பு 'டர்ர்' என்றது.

"என்ன ஆச்சு அண்ணா?" தங்கை டீ கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கறுப்பு.

"அவரு ஸ்பேனர எடுத்தியா?"

அவள் கையைப் பின்னால் மறைத்தாள். சின்ன வயதில் திருட்டுத்தனம் பண்ணினாலும் இப்படித்தான் மறைப்பாள்.

"அடிப்பாவி! நான் பகலெல்லாம் இறுக்கறேன், நீ ராத்திரியில தளர்த்தி விடறியா? தரை அழுகுது. உன் நெஞ்சு அழுகுது. அவரு பின்னாலயே போயிடலாம்னு பாக்கறியா?"

"கத்தாத அண்ணா."

"கத்துவேன்!"

"அவரு கை கழுவற சத்தம் அது."

அவள் படியில் உட்கார்ந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்தாரு. பசிக்குது, தட்டு போடு, கை கழுவிட்டு வரேன்னு உள்ள போனாரு. பம்பு ஓடிட்டே இருந்துச்சு. எப்பவும் அப்படி ஓட விடமாட்டாரு இல்ல? எனக்குக் கோவம் வந்துடுச்சு. 'தொட்டி காலியாயிடும், நிறுத்துங்க!'ன்னு கத்தினேன். நான் அவருகிட்ட கடைசியா சொன்னது அதுதான் அண்ணா. நிறுத்துங்கன்னு. தண்ணி தீர்ந்து பம்பு வெறுமனே கத்தின பிறகுதான் போயி கதவைத் திறந்தேன்."

கொஞ்ச நேரம் இருமினாள்.

"காரியமெல்லாம் முடிஞ்சு இங்க வந்து படுத்தேன். டர்ர்னு ஓடிச்சு, நின்னுச்சு. மறுபடி ஓடிச்சு. பழையபடி சிக்கனமா, ஒழுங்கா. சோப்பு போட்டுட்டிருக்காரு, இப்ப வந்துடுவாருன்னு இருக்கும். ஓடறப்ப மட்டும் அந்தக் கதவைத் திறக்க மாட்டேன். நீ அலமாரிய என்ன வேணா பண்ணு. அத மட்டும் நிறுத்தாத."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் மாப்பிள்ளை மேல். எங்கள் பெண்ணை இப்படிக் கை கழுவிவிட்டுப் போய்விட்டாரே என்று. உள்ளே போய் நட்டை இறுக்கினேன். அவள் "அண்ணா!" என்று எழுந்தாள்.

"இரு. சத்தம் வரும்," என்றேன்.

பேசின் குழாயின் தலையைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பரில் பிளேடால் ஒரு கீறல் போட்டுத் திரும்ப மாட்டினேன். முழுக்க மூடினாலும் லேசாகச் சொட்டியது. சொட்டு பேசினில் விழுந்து ஒழுங்காக வெளியே போய்விடும். பலகைக்கு ஈரம் இல்லை, நெஞ்சுக்குப் பூஞ்சை இல்லை. பம்பும் அவ்வப்போது ஓடும். நல்ல பொருளைக் கெடுத்துவிட்டு ரிப்பேர் என்று சொன்னது என் தொழிலில் அதுதான் முதல் தடவை.

பழைய அலமாரிக் கதவு கெட்டுப்போகாத துண்டு. அதை ஓரம் சீவிப் புது அலமாரியில் பொருத்தினேன், கறுப்புத் தேய்மானத்தோடு. அதற்கு இடம் போதாமல் குளியலறைக் கதவைக் கழற்றி வெளியே சாய்த்திருந்தேன். அதைத் திரும்ப மாட்ட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இரண்டு பேரும் சீட்டில் உட்கார்ந்தோம். எங்களுக்கு அடியில் 'டர்ர்' என்று ஓடி நின்றது.

தங்கை நிமிர்ந்தாள். இத்தனை நாளாக அந்தச் சத்தம் வரும்போது அவளுக்கு எதிரில் ஒரு மூடிய கதவு இருந்தது. இன்றைக்கு அங்கே கதவு இல்லை. வெள்ளைப் பேசின் தெரிந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் ஆள் நிற்கிற அளவு இடம், ஆள் இல்லாமல்.

நான் செய்த மடத்தனம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து கதவைத் தேடப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரு அண்ணா."

மறுபடி ஓடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓடியது. நின்றது. அவள் எழுந்து போய்ப் பேசின் முன்னால் நின்றாள். நான் போட்ட தரை அவளைத் தாங்கியது. புது அலமாரியின் கதவில் அவர் விரல் பட்ட இடத்தில் தன் விரலை வைத்தாள். அப்புறம் பேசினுக்கு மேலே இருந்த சின்ன வால்வைத் திருகி, குழாய்க்கு வரும் தண்ணீரையே அடைத்தாள்.

"கத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க," என்றாள். அவர் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவள் சொல்கிற அதே குரலில் தொடர்ந்தாள். "சரி. போயிட்டு வாங்க."

சீட்டுக்கு அடியில் பம்பு ஒருமுறை ஓடியது. குழாயை அடைத்த பிறகு அழுத்தம் நிரம்ப அது கொஞ்சம் ஓடத்தான் செய்யும். எனக்குத் தெரியும். தெரிந்தும், எனக்கு அது 'வரேன்' என்றே கேட்டது.

தங்கை தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள்.