மறுபடி எண்ணிய தகடுகள்

என்னோடு வேலை செய்யும் செனாயித் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மூன்றாவது கோப்பைக் காபி கையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, நான் சோதித்துக் கையெழுத்திட்ட விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"நீ மொத காபிக்கு வந்தப்போ நான் போயி ரத்தத்தத் தொடச்சு விட்டேன் வுபியே. துணி எட்டல, விசிறியக் கொஞ்சம் சுத்திக்கிட்டேன். நீயும்தான் அழுக்க அப்படியே விட்டுட்டு வர்ற."

எவ்வளவு சுற்றினாள் என்று கேட்டேன். நாலு தகடு, இல்லை அஞ்சு இருக்கும் என்றாள். அவள் உதடுகள் இன்னும் அசைந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

காலையில் அடிஸ் அபாபாவில் இறங்கும்போது அந்த விமானத்தின் இடது இன்ஜினுக்குள் ஒரு பருந்து புகுந்துவிட்டது. இன்ஜினின் முகப்பில் இருப்பது விசிறி, அதில் இருபத்து நான்கு தகடுகள். அது இழுக்கும் காற்றில் கொஞ்சம்தான் உள்ளே எரியப் போகும். மற்றதெல்லாம் எரியும் பகுதியைச் சுற்றிக்கொண்டு பின்னால் பாயும். விமானத்தைப் பெரும்பாலும் தள்ளுவது அந்தக் காற்றுதான். பருந்தும் அந்த வழியாகவே போயிருந்தது. போகிற போக்கில் ஏதாவது ஒரு தகட்டின் விளிம்பைக் கிள்ளியிருக்கலாம். கிள்ளிய இடம் விரிசலாகி, முழு வேகத்தில் தகடு பிய்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பராமரிப்புக் கூடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

இன்ஜினின் வாய்க்குள் மண்டியிட்டு, விசிறியைக் கையால் சுற்றி, ஒவ்வொரு தகட்டையும் கீழே வரவைத்து விளிம்பில் நகத்தை ஓட்டினேன். பார்த்த தகட்டில் பேனாவால் குறியிட வேண்டும். பேனா காய்ந்திருந்தது. பதினோரு வருடமாகச் செய்கிற வேலை, மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். பதினைந்தில் காபிக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் வழக்கத்தில் காபி மூன்று கோப்பை; முதல் கோப்பைக்குப் போகாவிட்டால் காபி வறுத்துப் போட்டவளை அவமதித்த மாதிரி. அடியில் நிற்பது பதினைந்து என்று நினைவில் வைத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து, அடியில் நின்றதற்கு அடுத்ததைப் பதினாறு என்று எண்ணினேன்.

அப்படியானால் நாலைந்து தகடுகளை நான் தொடவே இல்லை. நாலைந்தை இரண்டு முறை தடவியிருக்கிறேன். அதை என் விரலும் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் காஷே மெங்கஷாவிடம் ஓடினேன். பேனா காய்ந்ததைக்கூட மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளிறியது.

"திருப்பிக் கொண்டாந்து பாத்து தகடு நல்லா இருந்துச்சுன்னா, சும்மா திருப்பினதுக்கு உன் லைசென்ஸ் போயிடும், தெரியுமா?"

"தெரியும், காஷே."

"நல்லா இல்லேன்னா?"

பதிலுக்குக் காத்திராமல் ரேடியோவை எடுத்தார்.

ஓடுபாதையின் முனையிலிருந்து விமானம் திரும்பி வந்தது. விசிறி நின்ற பிறகு உள்ளே ஏறினேன். மேலே சின்னச் சின்ன ஜன்னல்களில் முகங்கள். இந்த முறை புதுப் பேனா. ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். ஆறு தாண்டியும் சுத்தம். எட்டில்தான் கவனித்தேன்: நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு காயம் இருக்கட்டும் என்று. இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு பறக்கவிருந்த விசிறியில், நான் சொன்னது சரியாகிவிடுவதற்காக.

அப்படி வேண்டிக்கொண்ட பெண்ணை எனக்குத் தெரியாது. ஆனால் அவளும் என் சீருடையைத்தான் போட்டிருந்தாள்.

பதினோராவது தகட்டில், அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில், நகம் மாட்டியது. விளக்கைப் பிடித்தேன். பிறைபோல ஒரு பள்ளம். அதிலிருந்து முடிமாதிரி ஒரு கோடு உள்ளே போயிருந்தது.

"இருக்கா?" கீழேயிருந்து காஷே.

"இருக்கு."

செனாயித் தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்தாள். காஷே எனக்குக் கை கொடுத்து இறக்கினார். நல்லவேளை சொன்னாய் என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நகம் மாட்டிய அந்த நொடியில் முதலில் எனக்குள் எழுந்தது பயம் அல்ல, சந்தோஷம்.